அவர் சொன்ன முகம்

எங்கள் தெருவில் முகத்தை விற்றுப் பிழைத்த கடை ஒன்றுதான். மற்றவர்களெல்லாம் பூட்டு, செருப்பு, பழம் என்று கையில் எடுத்துத் தட்டியோ முகர்ந்தோ பார்க்கக்கூடிய சரக்கு விற்றோம். என்னுடையது பாத்திரக் கடை. எனக்கும் அந்தப் போட்டோ ஸ்டூடியோவுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட்டால் இந்தப் பக்கம் என் தட்டுகள் அதிரும்.

புருஷனுக்கு நாங்கள் வைத்த பெயர் ஃப்ளாஷ். கேமராவுக்காக மட்டும் வைத்ததில்லை. ஆள் உள்ளே வந்ததும் பளீரென்று ஒரு பேச்சு பேசுவார். அதற்கப்புறம் வந்தவருக்குக் கொஞ்ச நேரம் கண் தெரியாது. அந்த நேரத்தில் வியாபாரம் முடிந்திருக்கும். அவர் மனைவியை நான் தங்கச்சி என்று கூப்பிட்டேன். அதனால் அவர் என்னை மச்சான் என்றார், நான் அவரை மாப்ள என்றேன். உறவு இவ்வளவுதான். சுவர் ஒன்று, டீ ஃப்ளாஸ்க் ஒன்று.

கடையை ஓட்டியது தங்கச்சியின் கை. போட்டோவைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கார்ட்டூனாக மாற்றுவாள். பிறந்தநாள் பலகை, காபிக் குவளை, கார் கண்ணாடி என்று எதில் ஒட்டக் கேட்டாலும் செய்வாள். "போன்லயே பட்டனைத் தட்டினா வந்துடுதேம்மா" என்று பேரம் பேச வருகிறவர்களுக்கு அவளிடம் ஒரு பதில் உண்டு. "வரும் சார். ஆனா அதுல போட்டா உங்க மாமியாரும் நீங்களும் கூடப் பிறந்தவங்க மாதிரி இருப்பீங்க. பரவாயில்லையா?" வந்தவர் உட்கார்ந்துவிடுவார்.

அவள் வேலை செய்வதைப் பார்க்கவே நான் அந்தப் பக்கம் போய் உட்காருவேன். முதலில் ஆளைப் பின்னணியிலிருந்து வெட்டி எடுப்பாள். தலைமுடி ஓரத்தில்தான் நேரம் போகும். அப்புறம் போட்டோ மேல் கண்ணாடித் தாள் மாதிரி ஒரு வெற்று லேயர் வைத்து, அதில் மவுஸால் கோடு இழுப்பாள். தாடை, இமை, மூக்கின் ஒரு பக்கம் மட்டும். "ரெண்டு பக்கமும் போட்டா மூக்கு குழாய் மாதிரி ஆயிடும் அண்ணே." கோடு முடிந்ததும் தோலின் நூறு நிறத்தையும் மூன்றாகக் குறைப்பாள். வெயில் பட்டது, படாதது, நிழல். கடைசியில் கீழே இருக்கும் போட்டோவை அணைத்துவிடுவாள். நிஜ ஆள் போய்விடுவார், அவருடைய களை மட்டும் திரையில் நிற்கும்.

அந்தத் தொழிலுக்கும் ஒரு வழக்கம் இருந்தது. நான் பாத்திரத்தைச் சுண்டிக் காட்டாவிட்டால் விலை போகாது. அவர்கள் போட்டோவையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டாவிட்டால் ஆள் நம்பாது. இடது பக்கம் போட்டோ, வலது பக்கம் கார்ட்டூன். முடிகிற ஒவ்வொரு வேலையையும் இப்படி ஜோடி சேர்த்துக் கடையின் இணையப் பக்கத்தில் ஏற்றுவது ஃப்ளாஷின் வேலை. பல் தேய்ப்பது மாதிரி யோசிக்காமல் செய்வார்.

அப்படியிருக்கும்போதுதான் கேக்கம்மா வந்தாள். பின்தெருவில் மகளோடு குடியிருந்துகொண்டு, வீட்டிலேயே கேக் செய்து தெருக் கடைகளுக்குப் போடுகிறவள். கழுத்தளவுக்கு வெட்டிய முடி, முழங்கை வரை மாவு. பெட்டி மேல் ஒட்ட ஒரு ஸ்டிக்கர் வேண்டும் என்றாள்.

"உங்க முகத்தையே போடுங்கம்மா" என்றார் ஃப்ளாஷ். "இந்தத் தெருவுல உங்களைப் பார்த்துதான் கேக் வாங்குறாங்க. கேக்கைப் பார்த்தா வாங்குறாங்க?"

அவள் சிரிக்கவில்லை. "கார்ட்டூனா வேணா போடலாம். என்னை மாதிரி இருக்கணும். ஆனா நான்னு தெரியக் கூடாது."

"அதுக்கு என் மச்சான் மூஞ்சியப் போட்டுடலாமே. கேக் விக்காது, அவ்வளவுதான்."

"யாருக்குத்தான் தெரியணும்?" என்று தங்கச்சி கேட்டாள்.

"என் பொண்ணுக்கு."

தங்கச்சி எழுந்து அவளைத் திரைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். என்ன பேசினார்கள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. வெளியே வந்ததும் கேக்கம்மா நீலத் திரை முன்னால் மர ஸ்டூலில் உட்கார்ந்தாள். கையை எங்கே வைப்பது என்று கேட்டாள். அவளுக்குக் கேமரா முன்னால் உட்காரத் தெரியவில்லை. ஃப்ளாஷ் ஏதோ சொன்னார், என்னைப் பற்றித்தான் இருக்க வேண்டும், அவள் சட்டென்று சிரித்துவிட்டாள். அந்த நொடியை அவர் பிடித்தார். இடது உதட்டோரம் முதலில் மேலே போய், மற்றது பின்னால் வருகிற சிரிப்பு. தங்கச்சி அதன் மேல் கோடு இழுத்தாள். அந்தக் கடையிலிருந்து அப்படி ஒரு படம் அதற்கு முன் வந்ததில்லை.

சில நாள் கழித்து ஃப்ளாஷ் போனை என் மூக்குக்கு நேராக நீட்டினார். "பார்த்தீங்களா மச்சான்? எத்தனை பேர் பார்த்திருக்காங்க பாருங்க. நான் எடுத்த போட்டோ, இவ போட்ட படம்."

கம்ப்யூட்டர் முன்னால் தங்கச்சியின் கை நின்றது. "எந்தப் போட்டோ?"

"கேக்கம்மாவோடது."

அவள் எழுந்து வந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. போனைப் பிடுங்கிப் பார்த்தாள். "அழிங்க இதை. இப்பவே."

"ஏன்டி? எல்லாத்தையும்தானே போடுறோம்?"

"புருஷன்கிட்ட இருந்து தப்பிச்சு வந்தவ அவ. புள்ளையைத் தூக்கிட்டு, கட்டின துணியோட. அவன் கண்ணுல படக் கூடாதுன்னுதான் கார்ட்டூன் கேட்டா. நீங்க பக்கத்துலயே போட்டோவை வெச்சு ஊரைக் கூட்டியிருக்கீங்க!"

ஃப்ளாஷின் முகம் கழுவி வைத்த தட்டு மாதிரி ஆகிவிட்டது. "இதை என்கிட்ட சொல்லித் தொலைஞ்சிருக்கலாம்ல?"

"உங்ககிட்ட சொல்றதும் மைக்ல சொல்றதும் ஒண்ணுதானே?"

"அதனால சொல்லலை. சரி. இப்போ மைக் இல்லாமலே ஊருக்குத் தெரிஞ்சுடுச்சு. சந்தோஷமா?"

 அன்று சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே வரவில்லை. சத்தம் வந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். படத்தை அழித்தார்கள். நாளைக்கு ஸ்டிக்கர் வாங்க வருவாள், போனில் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம், நேரில் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். நானும் தலையாட்டினேன்.

மறுநாள் கேக்கம்மா வருவதற்கு முன்னாலேயே அவள் புருஷன் வந்துவிட்டார்.

நான் டீயோடு ஸ்டூடியோவில் உட்கார்ந்திருந்தேன். பிரின்டர் ஓடிக்கொண்டிருந்தது. கேக்கம்மாவின் ஸ்டிக்கர்தான், தாள் தாளாக, முகம் மேலே பார்க்க வந்து விழுந்துகொண்டிருந்தது. வந்தவர் இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டைக்காரர். பெஞ்சைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். நீலத் திரையைப் பார்த்தார். ஸ்டூலைப் பார்த்தார்.

"இங்கதான்" என்றார், தனக்குத்தானே சொல்வது போல. குரல் அவ்வளவு மெதுவாக இருந்தது. "என் தம்பி சொன்னான். நீலத் திரை, மர ஸ்டூல். உங்க பேஜ்ல என் வீட்டுக்காரி போட்டோவைப் பார்த்தானாம். நான் பார்க்கிறதுக்குள்ள எடுத்துட்டீங்க."

 ஃப்ளாஷ் கேமரா மேல் போர்த்தும் கறுப்புத் துணியை எடுத்து, தூசி தட்டுவது போல உதறி, அப்படியே பிரின்டர் மேல் விரித்தார். தாள் துணியில் முட்டி, மெஷின் கீச்சென்று கத்தி நின்றது.

"அது என்ன சத்தம்?"

"பேப்பர் தீர்ந்துடுச்சு சார்" என்றார் ஃப்ளாஷ்.

"எங்க பேஜ்ல தினம் எத்தனையோ வரும் போகும்" என்றாள் தங்கச்சி, திரும்பாமல். "வேண்டாம்னா அழிச்சுடுவோம். அப்புறம் கம்ப்யூட்டர்லயும் இருக்காது."

"வேண்டாம்னு யாரு சொன்னது?"

ஃப்ளாஷ் பிரின்டர் மேல் கிடந்த துணியை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டார்.

"நான்தான்" என்றார் ஃப்ளாஷ். "வெளிச்சம் சரியா விழலை. சரியில்லாத போட்டோவை நான் வெச்சுக்கிறதில்ல."

"தம்பி நல்லா இருந்துச்சுன்னானே. சிரிச்சுட்டு இருந்தாளாம்." 'சிரிச்சுட்டு' என்பதை அவர் சொன்னது, தன் சட்டையில் வேறொருவர் வைத்த கறையைக் காட்டுவது மாதிரி இருந்தது. "ஆளு யாரு, எங்க இருக்கா?"

"வந்தாங்க, எடுத்தாங்க, போனாங்க. வர்றவங்க வீட்டு விலாசம் நாங்க கேட்கிறதில்ல சார்" என்றார் ஃப்ளாஷ்.

அவர் கோபப்படவில்லை. தாளில் சுற்றியிருந்த ஒரு சட்டத்தைப் பிரித்தார். கல்யாணப் போட்டோ. சுவர் ஈரத்தில் போட்டோ கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது உரிந்திருந்தது. அவர் பாதி முழுசாக இருந்தது. பக்கத்தில் நீண்ட கூந்தலும் ஒரு காதும் கோத்த கைகளும் இருந்தன. நெற்றியிலிருந்து தாடை வரை வெறும் வெள்ளைத் தாள்.

"வேற போட்டோ இல்லையா?" என்று தங்கச்சி கேட்டாள்.

"எங்க வீட்டுல பொம்பளைங்க போட்டோ எடுத்துக்கிறதில்ல. நான் விடறதில்ல." சட்டத்தை நேராக வைத்தார். "இந்த ஊர்லதான் இருக்கா. கடை கடையாக் காட்டிக் கேட்கணும். முகம் வேணும்."

அப்போது ஃப்ளாஷ் என்னைப் பார்த்தார். "மச்சான், உங்க கடையில ஆள் நிக்குது போல." என் கடையில் ஈ கூட இல்லை. நான் எழுந்து போய் கேக்கம்மாவுக்குப் போன் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. இரண்டு கையிலும் கேக் பெட்டி இருந்தால் எப்படி எடுப்பாள்? வழக்கமாக அவள் வருகிற நேரம்தான். ஸ்டூடியோ வாசலுக்கும் என் வாசலுக்கும் நடுவில், இரண்டு பக்கமும் கண் போகிற மாதிரி நின்றுகொண்டேன்.

உள்ளே தங்கச்சி பேசிக்கொண்டிருந்தாள். "இல்லாத முகத்தைப் போட்டோவா கொண்டு வர முடியாது சார். நீங்க சொல்லச் சொல்ல கோடு போட்டுக் கார்ட்டூனா ஆக்கித் தரேன். கஸ்டமர் சொல்றதுதான், என் இஷ்டத்துக்கு ஒண்ணும் போட மாட்டேன்."

"போடுங்க. எனக்கு அவசரமில்ல. நேரமானா ஆகட்டும்." நாற்காலியை அவள் முதுகுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"முகம் வட்டமா, நீளமா?"

"சாதாரணமா இருக்கும்."

"கண்ணு பெருசா, சின்னதா?"

அவர் யோசித்தார். "கீழ பார்க்கும்."

"பெருசா சின்னதான்னு கேட்டேன் சார்."

"கீழதாம்மா பார்க்கும். நான் பேசும்போது நிமிர மாட்டா."

தங்கச்சி இமையை இறக்கினாள். "மூக்கு?"

"மூக்கு மூக்கு மாதிரிதான்."

"மச்சம், தழும்பு ஏதாவது? கன்னத்துல?"

அவர் சட்டைக் கையை நீவிவிட்டுக்கொண்டார். "கன்னத்துல இல்ல."

 "ஏன் சார், இத்தனை நாள் ஒரே வீட்டுல..." என்று ஃப்ளாஷ் ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் தங்கச்சி. "சார் சொல்லட்டும். வாய்?"

"மூடியிருக்கணும்."

பின்னால் அவள் என்னிடம் சொன்னாள், அந்த இடத்தில்தான் கை மோசம் செய்தது என்று. கேக்கம்மாவின் முகம் விரலில் ஏறிப்போயிருந்தது. வாயை வரைகிறபோது மவுஸ் தானாகவே இடது உதட்டோரத்தை மேலே தூக்கிவிட்டது. திரையில் ஒரு நொடி அவளே எட்டிப் பார்த்தாள். 

அவர் முன்னால் குனிந்தார். "அது என்ன?"

"எது சார்?"

"அந்த ஓரம். சிரிக்கிற மாதிரி இருக்கு. அதை எடுங்க."

எடுத்தாள். அப்போதுதான் தெருமுனையில் கேக்கம்மாவைப் பார்த்தேன். பெட்டிகளைத் தாடை வரை அடுக்கிக்கொண்டு, மேல்பெட்டியைக் கன்னத்தால் அழுத்தியபடி வந்துகொண்டிருந்தாள். ஓடினால் கண்ணாடிக் கதவு வழியாகத் தெரியும். நடந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக, அவ்வளவு வேகமாக நான் நடந்ததில்லை.

"ஸ்டூடியோவுக்குப் போகாதே. பெட்டியைக் குடு. என் கடைக்குள்ள வா. உன் புருஷன் வந்திருக்கார்."

அவள் ஏன், எப்படி என்று கேட்கவில்லை. "எப்படிப் பேசுறார்?" என்றாள். "சத்தமாவா, மெதுவாவா?"

"மெதுவாத்தான்."

அவள் பெட்டிகளை ஒவ்வொன்றாக என் கைக்கு மாற்றினாள். "அப்போ போக மாட்டார்" என்றாள். "என் பொண்ணு ஸ்கூல்ல இருக்கு அண்ணே."

"ஸ்கூல் அவருக்குத் தெரியாது. நீ முதல்ல உள்ள வா."

கடையின் உள்பக்கம், ஆள் உயரத்துக்கு அடுக்கிய பெரிய பாத்திரங்களுக்குப் பின்னால் அவளை உட்கார வைத்தேன். பெட்டிகளின் மேல் பழைய சாக்கைப் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். பக்கத்துச் சுவரில் காதை வைத்தால் அவர் குரல் கேட்டிருக்கும். அவள் சுவரை விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் பிரின்டர் மறுபடி ஓடியது. ஸ்டிக்கர் தாள்களை ஃப்ளாஷ் அந்தத் துணியோடு சுருட்டி ஒதுக்கிவிட்டாராம். "இப்போ சரியா இருக்கு" என்றது அந்தக் குரல். "இவதான். இன்னும் கொஞ்சம் பிரின்ட் எடுங்க, ஒட்டணும்." ஃப்ளாஷ் ஒரு விலை சொன்னார். அவர் அப்படியே கொடுத்தார். பேரம் பேசுகிறவர்கள் நடுவில் வளர்ந்தவன் நான். கத்துகிறவன், கடையைவிட்டு இறங்கிப் போவதுபோல நடிக்கிறவன், எல்லாரையும் சமாளித்துவிடுவேன். ஒரு வார்த்தை பேசாமல் கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போகிறவனைக் கண்டால்தான் எனக்குப் பயம். அவனுக்கு வேண்டியது வேறு.

முதல் கடையாக என் கடைக்கே வந்தார். தாளை என் மேஜையில் வைத்து, சுருண்ட ஓரத்தை நீவினார். "இந்த ஊர்க்காரர்தானே? இவளைப் பார்த்திருக்கீங்களா?"

பொய் சொல்வதற்காக நாக்கைத் தயார் செய்துகொண்டுதான் குனிந்தேன். நீண்ட கூந்தல். தாழ்ந்த இமை. மூடிய வாய். சாதாரண மூக்கு. தங்கச்சி ஒரு கோடு கூட ஏமாற்றவில்லை, அவர் சொன்னதைச் சொன்னபடி வரைந்திருந்தாள். முதுகுக்குப் பின்னால் கேக்கம்மாவை உட்கார வைத்துக்கொண்டு அந்த முகத்தைத் தேடித் தேடிப் பார்த்தேன். அவள் அதில் எங்கேயும் இல்லை.

"இல்லை சார்" என்றேன். "இந்த அம்மாவை நான் பார்த்ததே இல்லை."

அவர் என் கண்ணையே பார்த்தார். பொய் தேடினார். கிடைக்கவில்லை. உள்ளே ஏதோ ஒரு மூடி லேசாக உரசியது.

"யாரு உள்ள?"

"எலி சார். பாத்திரக் கடையில குடியிருக்கிற ஒரே முட்டாள் எலி. திங்க ஒண்ணும் கிடையாது, ஆனா போகவும் மாட்டேங்குது."

அவர் சிரிக்கவில்லை. பாத்திர அடுக்கைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்த கடவுளையெல்லாம் விசாரித்துவிட்டேன். பிறகு தாளை எடுத்துக்கொண்டு பூட்டுக் கடைக்குப் போனார். அங்கிருந்து பழக்கடை. பழக்காரி சாதாரணமாகத் தெரியாத விஷயத்துக்கும் தெரியும் என்பவள். அவள்கூடப் படத்தைத் தள்ளிப் பிடித்து, கிட்டே பிடித்து, "இப்படி ஒரு சோகம் புடிச்ச பொம்பளை நம்ம தெருவுல யாருங்க இருக்கா?" என்று கேட்டதை நான் என் காதால் கேட்டேன். அவளிடம் யாரும் எதையும் சொல்லி வைத்திருக்கவில்லை. செருப்புக் கடையிலும் இல்லை என்றார்கள். தெரு முழுக்க, கேக்கம்மாவின் கேக்கைத் தின்றுகொண்டே, மனசாரத் தெரியாது என்றார்கள்.

கடைசியில் பஸ் நிறுத்தத்துச் சுவரில், அவர் போன் எண்ணோடு ஒரு தாளை ஒட்டிவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறிப் போனார். பஸ் திரும்பி மறைகிறவரை நான் நின்று பார்த்தேன்.

சாயங்காலம் பள்ளி விட்டதும் கேக்கம்மா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தச் சுவர் முன்னால் வந்து நின்றாள். பின்னால் நாங்கள் மூன்று பேரும். பஸ்ஸுக்கு நின்ற ஜனம் படத்தைப் பார்த்தது, அவளைப் பார்த்தது, மறுபடி பஸ் வருகிறதா என்று பார்த்தது.

"என்னை மன்னிச்சிடும்மா" என்றார் ஃப்ளாஷ். இவ்வளவு சின்ன வாக்கியத்தை அவர் பேசி நான் கேட்டதில்லை.

அவள் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. குழந்தை படத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "யாரும்மா இது?" என்றது.

"தெரியலைடா செல்லம்" என்றாள். பிறகு தங்கச்சி பக்கம் திரும்பி, குழந்தைக்குக் கேட்காத குரலில், "நல்லாத்தான் வரைஞ்சிருக்கீங்க அக்கா. அந்த வீட்டுல நான் இப்படித்தான் இருந்தேன்" என்றாள்.

தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டாள். ஃப்ளாஷுக்கு அது தாங்கவில்லை. வேகமாக முன்னால் போய், பசை காயாத தாளின் மேல் மூலையை நகத்தால் கிளப்பினார். பாதி உரிந்து வந்தது.

"கிழிக்காதீங்க அண்ணே" என்றாள் கேக்கம்மா. "இருக்கட்டும். இவளைத் தேடுற வரைக்கும் அவர் என்னைத் தேட மாட்டார்."

 ஃப்ளாஷ் உரிந்த மூலையைச் சுவரோடு சேர்த்து, உள்ளங்கையால் அழுத்தி, கையை எடுக்காமல் பசை பிடிக்கிறவரை காத்திருந்தார்.